பேசின கரி

மூணாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் 1984 வரைக்கும் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்து, பால்மரம் சீவப் போகிறவர்கள் ஒரு பக்கமும் மருந்தடிக்கப் போகும் பெண்கள் ஒரு பக்கமுமாகப் பிரிவதற்கு முன், எல்லோரும் தண்ணீர்த் தொட்டியடியில் கொஞ்ச நேரம் நிற்பார்கள். பம்பு வீட்டு மோரிஸ் குழாயைத் திறந்து, பச்சை எனாமல் குவளையில் தண்ணீர் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக ஒரு மூச்சு இழுப்பார். பிறகு மடமடவென்று குடித்து முடித்து, "ஜோர் லா!" என்பார். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் போத்தலை நீட்டுவார்கள்.

இது தொரை போட்ட சட்டமில்லை. ஜனங்களின் பயத்தில் பிறந்த வழக்கம். அதுவரை ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்துக்கொண்டிருந்த தோட்டத்துக்கு, எழுபத்து நான்கில் கரித் தொட்டி வந்தது. அடியில் கூழாங்கல், மேலே ஆற்று மணல், அதற்கும் மேலே இடுப்பளவுக்குச் சிரட்டைக் கரி. அடுப்புக் கரியில்லை. கொதிக்கும் ஆவியில் போட்டுப் பதப்படுத்தி, சுங்கை பட்டாணியிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் கரி. கரியில் இறங்கின தண்ணீரைக் குடித்தால் வயிறு கறுத்துப்போகும், பிறக்கிற பிள்ளையும் கறுப்பாகப் பிறக்கும் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எவனோ கிளப்பிவிட்டான். நமக்கெல்லாம் அதற்குமேல் கறுக்க என்ன இருந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. மூன்று நாள் குழாயடிப் பக்கமே ஆளில்லை. நாலாம் நாள் மோரிஸ் அத்தனை பேர் முன்னாலும் ஒரு குவளை குடித்துக் காட்டினார். அடுத்த நாளும் குடித்தார். பத்து வருஷம் அது நிற்கவே இல்லை.

மோரிஸுக்கு அப்போது முப்பது வயது. மாதா கோயிலில் பாடகர் குழுவில் நிற்பார், இடக்கைக்காரர், தொட்டதையெல்லாம் சுத்தமாகச் செய்வார், அதைப் பத்து பேரிடம் சொல்லவும் செய்வார். கரித் தொட்டியைக் கட்டிக்கொடுத்த சீன மேஸ்திரி போகும்போது அவரிடம் ஒரே ஒரு பாடம் சொன்னான். இந்தக் கரியின் ஒவ்வொரு துணுக்கிலும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் துளை உண்டு. தண்ணீரில் இருக்கிற வாடை, நிறம், மருந்து எல்லாம் அந்தத் துளையில் போய் ஒட்டிக்கொள்ளும். துளை அடைந்துவிட்டால் கரி செத்துப்போகும். செத்த கரியும் உயிருள்ள கரியும் பார்வைக்கு ஒன்றுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்று, நடுவில் சந்தேகம் வந்தால் முகர்ந்து பார். "மூக்குதான் உன் மீட்டர்" என்றான்.

அந்த மீட்டர்தான் எழுபத்தேழில் போனது.

அடைமழைக் காலம். குளோரின் பவுடர் டின்னுக்குள் மழைத் தண்ணீர் இறங்கியிருந்தது தெரியாமல், கதவு சாத்தின பம்பு வீட்டுக்குள் மோரிஸ் மூடியைத் திறந்துவிட்டார். குபீரென்று வந்த புகை நெஞ்சை அடைத்துத் தரையில் தள்ளியது. டீசல் கொண்டுவந்த அழகேசன் மட்டும் அந்த நேரத்தில் வராமல் இருந்திருந்தால் மோரிஸின் கதை அங்கேயே முடிந்திருக்கும். அழகேசன் முண்டாசை வாயில் கட்டிக்கொண்டு உள்ளே புகுந்து, காலைப் பிடித்து அவரை வெளியே இழுத்துப் போட்டான். இரண்டு வாரத்தில் நெஞ்சு சரியானது. மூக்கு திரும்பவே இல்லை. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் லயமே தும்மும், மோரிஸுக்கு ஒன்றும் தெரியாது.

அதை அவர் அழகேசனிடம் மட்டும்தான் சொன்னார். அழகேசன் தோட்டத்து ஸ்டோருக்கும், ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் புகைக்கூடத்துக்கும் பொறுப்பாள். இரண்டுக்கும் சாவி அவன் இடுப்பில் இருக்கும்.

"வாயத் தொறந்தியோ, நாளைக்கே உன்னப் புல்லு வெட்ட அனுப்பிடுவான் தொரை" என்றான் அழகேசன். "மூக்கு இல்லாத தண்ணிக்காரன எவன் வச்சுக்குவான்? எனக்கும் உனக்கும் தெரிஞ்சா போதும் லா. செத்தாலும் வெளிய வராது."

மூக்கு போனவன் ஊருக்குத் தண்ணீர் காத்தது என்ன நியாயம் என்று இப்போது கேட்பது சுலபம். மோரிஸுக்கு அப்போது கைக்குழந்தை இருந்தது, பம்பு வீட்டு வேலையோடு சேர்ந்த இரண்டு அறை வீடு இருந்தது. எல்லாவற்றையும்விட அந்தப் பச்சைக் குவளை இருந்தது. காலையில் முந்நூறு பேர் ஒரு மனிதனின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது லேசான போதையில்லை. ஆகையால் அவர் குவளையை முகர்வதாக நடித்தார். வீட்டில் ஜோசபின் மீன் குழம்பை இறக்கும்போதெல்லாம், "வாசம் ஆளத் தூக்குது போ" என்று அவளிடமும் நடித்தார்.

மூக்குக்குப் பதில் காதை வைத்துக்கொண்டார். ஒருநாள் புது மூட்டையைப் பிரித்து ஒரு பிடிக் கரியைத் தண்ணீர் வாளியில் போட்டபோது, 'சொய்ய்' என்று ஒரு சத்தம். நுரை நுரையாகக் காற்று மேலே வந்தது. தொட்டியிலிருந்து அள்ளின பழைய ஈரக் கரியைப் போட்டார். சத்தமே இல்லாமல் முங்கிப்போனது. மோரிஸுக்கு உலகமே பிடிபட்டது போலிருந்தது. உயிருள்ள கரி பேசும், செத்த கரி பேசாது! அதன்பின் ஒவ்வொரு தடவை கரி மாற்றும்போதும் நாலு பேரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வாளியில் ஒரு பிடி போடுவார். பெண்கள் காதை வைத்துக் கேட்பார்கள். "கரி பேசிருச்சு" என்பதுதான் மூணாங்கட்டையில் தண்ணீர் நல்ல தண்ணீர் என்பதற்கு வார்த்தை. சீன மேஸ்திரி இப்படி ஒரு சோதனையைச் சொல்லவேயில்லை என்பதை மோரிஸும் மறந்துபோனார்.

எண்பத்து நான்கு மே மாதம் கரி மாற்றும் முறை வந்தது. வழக்கம்போல மோரிஸ் பழையதை மண்வெட்டியால் அள்ளி, புகைக்கூடத்துக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில் கொட்டினார். அப்போதைக்கப்போது அங்கிருந்து அள்ளிப் பாதையின் சேற்றில் போட்டுக்கொள்வது அழகேசனின் வழக்கம். கரியும் மணலும் கலக்காமல் இருக்க நடுவில் ஒரு நைலான் வலை விரித்திருக்கும். மண்வெட்டி பட்டு எப்போதும் அது கிழியும், கிழிசல் கரியோடு போகும். ஒவ்வொரு முறையும்போல தஞ்சோங் டாவாய் மீனவர்களிடம் வாங்கி வந்த பச்சை வலையை மோரிஸ் புதிதாக ஒட்டுப்போட்டு, தன் இடக்கை முடிச்சால் முடிந்து விரித்தார். ஐந்து நாள் கழித்து அழகேசன் புது மூட்டைகளை மாட்டுவண்டியில் அனுப்பினான். கரி பேசியது. நன்றாகவே பேசியது. மோரிஸ் நிரப்பி முடித்து வீட்டுக்குப் போனபோது ஜோசபின் சட்டையை வாங்கி முகத்தைச் சுளித்தாள்.

"என்னாங்க, சட்டையெல்லாம் ஒரே ஷீட்டுப் புகை வாட? புகைக்கூடத்துலயா பொரண்டீங்க?"

"அழகேசனப் பாக்கப் போயிருந்தேன்" என்றார் மோரிஸ். அவளிடம் பொய் சொல்லிப் பழகின நாக்கு யோசிக்கவே இல்லை.

ஜூலையில் ஆற்றின் மேல்பக்கம் இருந்த பன்னிரண்டாம் நம்பர் ரப்பர் காட்டில் களை கொல்லும் புல் மருந்து அடித்தார்கள். மறுநாள் காலை மோரிஸ் குடித்து "ஜோர் லா" சொன்னதும், மருந்தடிக்கிற புஷ்பவள்ளி போத்தலில் பிடித்து ஒரு வாய் வைத்தாள். அப்படியே துப்பினாள்.

"அண்ணே, தண்ணியில புல்லு மருந்து வாட அடிக்குது."

"உனக்கு எப்பவும் அந்த வாடதானே" என்று மோரிஸ் சிரித்தார். "நாள் முழுக்க முதுகுல மருந்து டின்னைத் தூக்குற. உன் மூக்கு கெட்டுப்போச்சு தங்கச்சி, ஆஸ்பத்திரி டிரஸர்கிட்ட காட்டு."

கூட்டம் சிரித்தது. புஷ்பவள்ளியின் முகம் சிறுத்துவிட்டது. ஆனாலும் அவள் விடவில்லை. "இல்லண்ணே, அந்த வாடதான் எனக்கு மத்தவங்களவிட நல்லாத் தெரியும். நீங்க இன்னொரு வாட்டி மோந்து பாருங்களேன்."

மோரிஸ் இன்னொரு குவளை பிடித்தார். நிதானமாக மூச்சு இழுத்தார். குடித்தார். "கரி பேசிச்சா இல்லியா? நீயும் நின்னுதானே கேட்ட?" என்று குரலை உயர்த்தினார். அவள் போத்தலை நிரப்பிக்கொண்டு போனாள். அவர் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள், அவளும் நம்பினாள்.

அந்த வாரத்துக்குள் ஏழெட்டு வீட்டில் பிள்ளைகளுக்கு வாந்தி. புஷ்பவள்ளியின் சின்ன மகளைச் சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். தண்ணீரால்தானா என்று டிரஸரைக் கேட்டால், அவர் கையை விரித்தார். லயத்தில் யாரும் மோரிஸைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவரைப் போட்டு அரித்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கோயில் உடுப்போடேயே பம்பு வீட்டுக்குப் போனார். கரி மேல் குற்றமில்லை என்று தனக்குத் தானே ருசுப்படுத்திக்கொண்டால் போதும் என்றுதான் போனார்.

மூலையில் மிச்சம் வைத்திருந்த அரை மூட்டை கிடந்தது. பிரித்து ஒரு பிடி அள்ளினார். விரலிடுக்கில் ஏதோ சிக்கியது. இழுத்துப் பார்த்தால் பச்சை நைலான் நூல், விரல் நீளம். நடுவில் ஒரு முடிச்சு, வலமாகச் சுற்ற வேண்டிய இடத்தில் இடமாகச் சுற்றின முடிச்சு. அவருடைய முடிச்சு. சுங்கை பட்டாணியிலிருந்து தைத்து வந்ததாகச் சொன்ன மூட்டைக்குள், போன வருஷம் அவரே போட்ட முடிச்சு.

மோரிஸ் அதை நம்பாமல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வேறொன்று தோன்றிற்று. தொட்டியின் ஓரத்தைத் தோண்டி, இரண்டு மாதம் தண்ணீர் குடித்த கரியில் ஒரு பிடி அள்ளி, பம்பின் சூடான புகைக்குழாய் மேல் ஒரு தகரத்தில் பரப்பினார். எஞ்சினை ஓடவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஈரம் போய்க் கரி மொறுமொறுவென்று ஆனதும் அதை வாளியில் போட்டார்.

'சொய்ய்' என்றது.

காய்ந்த எதுவும் தண்ணீரில் விழுந்தால் காற்றை விடத்தான் செய்யும். அவ்வளவுதான் விஷயம். ஏழு வருஷமாகக் கரி எதையும் பேசவில்லை, காய்ந்திருக்கிறேன் என்றதைத் தவிர. அதை அவர் ஊரைக் கூட்டிவைத்துக் காட்டி, மார்தட்டி, முந்நூறு பேருக்கு நம்பிக்கையாகக் கொடுத்திருந்தார். அந்த வாளிக்கு முன்னால் மோரிஸ் கோயில் உடுப்போடு ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அழகேசன் புகைக்கூடத்து வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். மோரிஸ் நூலை அவன் முன் நீட்டினார். அழகேசன் அதைப் பார்த்தான், பிறகு விறகைப் பார்த்தான். இல்லை என்று அவன் சொல்லியிருந்தால் மோரிஸ் நம்பியிருப்பார், அவ்வளவு ஆசைப்பட்டார். அவன் சொல்லவில்லை.

"புது மூட்ட எங்கடா?"

"தஞ்சோங் டாவாய்ல எறா குஞ்சு வளக்குற ஒரு தவுக்கே இருக்கான், சீன மொதலாளி. குஞ்சுத் தொட்டிக்கு இந்தக் கரிதான் வேணுமாம், இல்லன்னா செத்துப் போயிடுமாம். என் மகனுக்கு அங்க வேல குடுத்திருக்கான். ரெண்டு வருஷம் சும்மா சுத்துன பையன்டா மோரிஸ். தோட்டத்துல இனி என்ன இருக்கு, நீயே சொல்லு."

"எறா குஞ்சுக்கு நல்ல தண்ணி. நம்ம புள்ளைங்களுக்குப் பள்ளத்துல கொட்டுன கரியா?"

"ஒரே ஒரு வாட்டி லா. அடுத்த மொற ஒழுங்கா வந்துரும்னு நெனச்சேன். எவன் கண்டான், மேல மருந்தடிப்பான்னு?"

மோரிஸுக்கு அப்போதுதான் எல்லாம் சேர்ந்து விளங்கியது. நனைந்த கரியை ஷீட்டுத் தட்டுகளில் பரப்பி ஐந்து நாள் புகைக்கூடத்தில் காயவைத்திருக்கிறான். அந்தக் கரியில் புகை வாடை வீசியிருக்கும். மூக்குள்ள எந்த மனிதனும் மூட்டையைப் பிரித்ததுமே பிடித்திருப்பான். ஜோசபின் சட்டையிலேயே பிடித்தாள். இந்தத் தோட்டத்தில் ஒரே ஒருவனிடம்தான் இந்த வித்தை செல்லும், அவனிடம்தான் அழகேசன் காட்டினான். உயிரைக் காப்பாற்றின கை, காப்பாற்றி வைத்த ரகசியத்தை ஏழு வருஷம் கழித்து எடுத்துப் புழங்கிக்கொண்டது.

"எனக்கு மூக்கு இல்லன்னு தெரிஞ்சுதானேடா செஞ்ச?" என்றார் மோரிஸ்.

அழகேசன் ஒரு விறகுக் கட்டையை எடுத்து வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "நீ தொரைகிட்ட போ, நான் தடுக்கல. ஆனா ஒண்ணு கேப்பாங்க. ரெண்டு மாசமா தெனம் மோந்து பாத்து, குடிச்சு, ஜோர்னு சொன்னியே, உனக்கு ஒண்ணும் தெரியலயான்னு கேப்பாங்க. ஒண்ணு, நீயும் இதுல கூட்டுன்னு ஆகும். இல்லன்னா, உனக்கு மூக்கே இல்லன்னு ஆகும். எது சொல்லுவ?"

அதில் மிரட்டல் இல்லை, கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற மாதிரிதான் சொன்னான். மோரிஸுக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் சொன்னதில் பிழை இருக்கவில்லை. தொட்டிக் குழாயைப் பூட்டிவிட்டு, பம்பு பழுது என்று லயத்தில் சொல்லியனுப்பினார். அதுவும் இன்னொரு பொய்.

திங்கட்கிழமை பெரட்டு முடிந்து எல்லோரும் தொட்டியடியில் கூடினார்கள். மோரிஸ் குழாயைத் திறக்கவில்லை. குவளையைக் கவிழ்த்துத் திண்டின் மேல் வைத்தார். முன்வரிசையில் புஷ்பவள்ளி மருந்து டின்னோடு நின்றாள். பின்னால், ஸ்டோர் பக்கம் சாய்ந்தபடி அழகேசன் நின்றான். மோரிஸ் முதலில் நூலைக் காட்டி, கரியைப் பற்றிச் சொன்னார். பெயர் சொன்னார். கூட்டம் இரைந்தது, இரண்டு பேர் அழகேசன் பக்கம் திரும்பினார்கள்.

யாரோ கேட்டுவிட்டார்கள். "அப்ப நீங்க தெனம் குடிச்சீங்களே அண்ணே?"

"எனக்கு வாசனையே தெரியாது" என்றார் மோரிஸ். "எழுபத்தேழுலருந்து. ஏழு வருஷமா நான் சும்மாதான் மோந்து காட்டினேன்."

இரைச்சல் நின்றுபோனது. அழகேசன் பக்கம் திரும்பியிருந்தவர்களும் மோரிஸ் பக்கம் திரும்பினார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். புஷ்பவள்ளிதான் பேசினாள், கோபமில்லாமல்.

"என் மூக்கு கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களே, அண்ணே."

அவள் நிரப்பாத போத்தலை இடுப்பில் சொருகிக்கொண்டு நடந்தாள். அவள் பின்னால் மற்ற பெண்களும் போனார்கள். உலகம் இப்படித்தான் போலிருக்கிறது: திருடினவனைப் பற்றி மூன்று நாள் பேசினார்கள், நம்பவைத்தவனை மன்னிக்கவேயில்லை. அழகேசனைத் தொரை சீட்டைக் கிழித்து அனுப்பினார், அவன் மகனோடு இறால் தொட்டிகளைக் கழுவ தஞ்சோங் டாவாய் போய்ச் சேர்ந்தான். மோரிஸை வேலையைவிட்டு நீக்கவில்லை, புல் வெட்டுக்கு மாற்றினார்கள். அழகேசன் எழுபத்தேழில் சொன்னது அப்படியே நடந்தது. பம்புக்கு வேறு ஆள் வந்தான். கரி நல்ல கரியாக வந்தது. தண்ணீரை முகர்ந்து பார்த்துச் சரி சொல்கிற வேலை மட்டும் புஷ்பவள்ளிக்குப் போனது. அவள் குடித்துக் காட்டமாட்டாள். முகர்ந்துவிட்டுத் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் மோரிஸ் வீட்டுக்குப் போனபோது சேதி அவருக்கு முன்னாலேயே போயிருந்தது. ஜோசபின் சோற்றை வைத்தாள், குழம்பை ஊற்றினாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போவதைப் பற்றி, வீடு மாறுவதைப் பற்றி அவள் கேட்பாள் என்று காத்திருந்தார். சொல்வதற்குப் பதிலும் யோசித்து வைத்திருந்தார்.

"நேத்து ராத்திரி கொழம்புக்கு" என்றாள் ஜோசபின். "வாசம் ஆளத் தூக்குதுன்னு சொன்னீங்க."

அவர் நிமிரவில்லை.

"நேத்து சட்டி அடிப்புடிச்சுக் கருகிப்போச்சு. வீடே நாறிச்சு. வேற வைக்க மீனும் இல்ல. நீங்க அப்புடிச் சொன்னதும், எம் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன்." கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். "இந்த ஏழு வருஷமும், கருகின நாளெல்லாம் அப்புடித்தான் நெனச்சேன். எம் மேல எவ்வளவு பிரியம்னு."

மோரிஸ் வாயைத் திறந்தார். பிரியம் இருந்தது, உண்மையாகவே இருந்தது. ஆனால் அதை இனி எந்த வார்த்தையில் சொன்னாலும் அவள் நம்ப வேண்டிய அவசியம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி.